நீலக் கதிரின் சண்டை: வென்றது யார், விலை கொடுத்தது யார்?

2008 பெப்ரவரி 19ஆம் திகதி. டோக்கியோவில் தோஷிபா கம்பனியின் தலைவர் அட்சுடோஷி நிஷிதா பத்திரிகையாளர்கள் முன் வந்து அமர்ந்தார். "எச்டி டிவிடி" என்ற புதுவகை இறுவட்டுக்கான கருவிகளை இனிமேல் தயாரிக்கப் போவதில்லை என்று அறிவித்தார். அந்தக் கருவி கடைக்கு வந்து இரண்டு வருடங்கள்கூட நிறைவடைந்திருக்கவில்லை.

நம்மில் பலர் எச்டி டிவிடி என்ற பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அதை வென்ற "புளூரே" என்ற பெயரை ஓரளவு அறிவோம். ஆனால் அதுவும் நமது ஊர்களுக்குப் பெரிதாக வந்து சேரவில்லை. நாம் ஒளிநாடாவிலிருந்து சீடிக்கும், சீடியிலிருந்து டிவிடிக்கும், அங்கிருந்து நேரே பென் டிரைவுக்கும் தொலைபேசிக்கும் தாவிவிட்டோம். நடுவில் ஒரு பெரிய சண்டை நடந்து முடிந்தது நமக்குத் தெரியவே இல்லை.

அப்படியானால் அதை ஏன் இப்போது எழுத வேண்டும்? இரண்டு காரணங்கள் உண்டு உறவுகளே. ஒன்று, பேசித் தீர்க்கக்கூடிய ஒரு விடயத்தைப் பேசித் தீர்க்காமல் விட்டால் அதற்கு யார் விலை கொடுப்பார்கள் என்பதை இந்த வரலாறு மிகத் தெளிவாகக் காட்டுகிறது. மற்றது, நமது வீட்டு அலுமாரிகளில் தூங்கும் கலியாண வீடியோக்களோடு இதற்கு நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

*முதல் சண்டை: பீட்டாமக்ஸும் வீஎச்எஸ்ஸும்*

கதையை 1975இல் தொடங்க வேண்டும். அந்த வருடம் சோனி கம்பனி பீட்டாமக்ஸ் என்ற வீடியோ கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே இன்னொரு ஜப்பானியக் கம்பனியான ஜேவிசி, வீஎச்எஸ் என்ற வேறொரு முறையைக் கொண்டுவந்தது. இரண்டும் ஒளிநாடாதான். ஆனால் ஒன்றின் நாடா மற்றதற்குள் போகாது.

"பீட்டாமக்ஸ்தான் தரத்தில் சிறந்தது, ஆனாலும் தோற்றுப் போனது" என்று பலர் சொல்வார்கள். இதில் பாதிதான் உண்மை. ஆரம்பத்தில் பீட்டாமக்ஸ் நாடாவில் ஒரு மணித்தியாலம்தான் பதியலாம். வீஎச்எஸ்ஸில் இரண்டு மணித்தியாலம். ஒரு முழுப் படம் ஒரு நாடாவுக்குள் அடங்குமா என்று பார்க்கும் குடும்பத்துக்கு எது சிறந்தது? தரம் என்பது படத்தின் தெளிவு மட்டுமல்ல. எடுத்த வேலைக்கு அது போதுமா என்பதும் தரம்தான்.

அதோடு ஜேவிசி தனது முறையைப் பல கம்பனிகளுக்கு உரிமம் கொடுத்துப் பரவ விட்டது. கருவிகள் பெருகின, விலை இறங்கியது, வாடகைக் கடைகளில் வீஎச்எஸ் நாடாக்கள் நிறைந்தன. 1988இல் சோனியே வீஎச்எஸ் கருவி தயாரிக்கத் தொடங்கியது. எண்பதுகளில் வெளிநாட்டுக்கு உழைக்கப் போய் வந்தவர்கள் நமது ஊர்களுக்குக் கொண்டுவந்த "டெக்" பெரும்பாலும் வீஎச்எஸ்தான். அதற்குப் பின்னால் இந்தப் போட்டியின் முடிவு இருக்கிறது.

இந்தத் தோல்வியிலிருந்து சோனி ஒரு பாடம் படித்தது. கருவியை மட்டும் வைத்திருந்தால் போதாது, அதில் ஓடும் படமும் கையில் இருக்க வேண்டும். 1989இல் அமெரிக்காவின் கொலம்பியா பிக்சர்ஸ் நிறுவனத்தையே சோனி விலைக்கு வாங்கியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

*1995: சண்டை வராமல் தடுத்தவர்கள்*

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் படங்களை நாடாவிலிருந்து இறுவட்டுக்கு மாற்றும் காலம் வந்தது. மீண்டும் இரண்டு அணிகள். ஒரு பக்கம் சோனியும் பிலிப்ஸும். சீடியைக் கண்டுபிடித்து 1982இல் உலகுக்குத் தந்தவர்கள் இவர்கள்தான். மறுபக்கம் தோஷிபா, மட்சுஷிட்டா (இன்றைய பனசொனிக்), டைம் வோர்னர் முதலானவை. இரு அணியும் தங்கள் இறுவட்டே சிறந்தது என்று நின்றன.

இந்த இடத்தில் மூன்றாவது ஒரு தரப்பு உள்ளே வந்தது. கணினிக் கம்பனிகள். ஐபிஎம், ஆப்பிள், மைக்ரோசொஃப்ட் போன்றவை ஒன்று சேர்ந்து இரு அணிக்கும் ஒரே விடயத்தைச் சொல்லின: "நீங்கள் இருவரும் ஒரு முடிவுக்கு வராவிட்டால் எங்கள் கணினிகளில் எதையும் பொருத்த மாட்டோம்." ஐபிஎம் தலைவர் லூ கேர்ஸ்ட்னர் இதில் முக்கிய பங்கு வகித்தார்.

கணினிச் சந்தையை இழக்க யாருக்குத்தான் மனம் வரும்? 1995இல் உடன்பாடு வந்தது. அதிலே யாரும் முழுதாக வெல்லவில்லை. இறுவட்டின் உடலமைப்பு தோஷிபா அணியினுடையது: 0.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டு தட்டுகளை ஒட்டிச் செய்தது. தகவலைக் குறிகளாக மாற்றிப் பதியும் முறை சோனி, பிலிப்ஸ் அணியினுடையது. இந்த முறை கீறல்களையும் விரல் அடையாளங்களையும் தாங்கக் கூடியது. ஆனால் கொஞ்சம் இடத்தைப் பிடிக்கும். ஆகவே 5 கிகாபைட்டாக இருந்திருக்க வேண்டிய இறுவட்டு 4.7 கிகாபைட் ஆனது.

இறுவட்டு உறைகளில் "4.7" என்று போட்டிருப்பதை நாம் எத்தனை தரம் பார்த்திருக்கிறோம்! அது சமாதானத்துக்காகக் கொடுக்கப்பட்ட விலை. 0.3 கிகாபைட் மட்டும்தான். அதற்குப் பதிலாக 1996 நவம்பரில் ஜப்பானிலும், 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் டிவிடி ஒரே முறையாக வெளிவந்து உலகம் முழுவதும் பரவியது. நமது கடைத்தெரு வரை வந்தது. இரு அணிகளும் சம்பாதித்தன. வாங்கியவர் யாரும் ஏமாறவில்லை.

*நீல ஒளி எங்கிருந்து வந்தது?*

இறுவட்டில் தகவல் மிக நுண்ணிய குழிகளாக இருக்கிறது. லேசர் ஒளி அந்தக் குழிகளைத் தடவிப் படிக்கிறது. பிள்ளைகளுக்கு நாம் இதை இப்படிச் சொல்லிக் கொடுப்பதுண்டு: மொட்டையான பென்சிலால் எழுதினால் கொப்பியின் ஒரு பக்கத்தில் கொஞ்ச வரிகள்தான் கொள்ளும். கூராகச் சீவிய பென்சில் என்றால் அதே பக்கத்தில் பல மடங்கு எழுதலாம். லேசரில் அந்தக் கூர் இரண்டு விடயங்களில் தங்கியிருக்கிறது. ஒன்று ஒளியின் அலைநீளம். மற்றது அதைக் குவிக்கும் வில்லை.

சீடிக்குப் பயன்படுவது 780 நானோமீற்றர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி. டிவிடிக்கு 650 நானோமீற்றர், சிவப்பு. இன்னும் கூராக வேண்டும் என்றால் நீலத்துக்குப் போக வேண்டும். ஆனால் நீல ஒளி தரும் சிறிய குறைகடத்தியைச் செய்வது பல தசாப்தங்களாகப் பெரிய கம்பனிகளுக்கே முடியாத காரியமாக இருந்தது.

அதைச் செய்து காட்டியவர்களில் ஒருவர் ஜப்பானின் நிச்சியா என்ற, அப்போது அதிகம் பேர் அறியாத கம்பனியில் வேலை செய்த ஷுஜி நகமுரா. 1993இல் பிரகாசமான நீல எல்ஈடி, அதன் பின் சில வருடங்களுக்குள் நீல லேசர். அந்தக் கண்டுபிடிப்புக்கு அவருக்குக் கிடைத்த சன்மானம் வெறும் 20,000 யென். பிறகு அவர் வழக்குப் போட்டார். 2005இல் சுமார் 84 கோடி யென்னுக்கு அந்த வழக்கு சமரசமானது. 2014இல் இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோருடன் சேர்த்து அவருக்குப் பௌதிகவியல் நோபல் பரிசும் கிடைத்தது. இன்று நமது வீடுகளில் எரியும் வெள்ளை எல்ஈடி மின்குமிழ்களுக்கும் அந்த நீல ஒளிதான் அடிப்படை.

நீல லேசரின் அலைநீளம் 405 நானோமீற்றர். பென்சில் சீவியாகிவிட்டது. இனி யார் கொப்பியில் எழுதுவது என்பதுதான் கேள்வி.

*மீண்டும் இரண்டு அணிகள்*

2002 பெப்ரவரியில் சோனி, மட்சுஷிட்டா, பிலிப்ஸ், பயோனியர், ஹிட்டாச்சி, எல்ஜி, சம்சுங், ஷார்ப், தொம்சன் ஆகிய ஒன்பது கம்பனிகள் சேர்ந்து புளூரே என்ற புதிய இறுவட்டை அறிவித்தன. ஆங்கிலத்தில் நீலம் என்ற சொல்லின் கடைசி எழுத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். சாதாரணச் சொல்லை வணிகப் பெயராகப் பதிவு செய்ய முடியாது என்பதே காரணம். அதே வருடம் ஓகஸ்ட்டில் தோஷிபாவும் என்ஈசியும் தங்கள் மாற்றுத் திட்டத்தை முன்வைத்தன. பின்னர் அதற்கு எச்டி டிவிடி என்று பெயர் வந்தது.

ஒளி இரண்டிலும் ஒன்றுதான். 405 நானோமீற்றர். வித்தியாசம் எங்கே? தகவல் இருக்கும் படை, இறுவட்டின் மேற்பரப்பிலிருந்து எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதில்.

எச்டி டிவிடியில் அந்த ஆழம் பழைய டிவிடியைப் போலவே 0.6 மில்லிமீற்றர். ஆகவே டிவிடி செய்யும் பழைய இயந்திரங்களையே கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்தலாம். செலவு குறைவு. ஒரு படையில் 15 கிகாபைட், இரண்டு படையில் 30.

புளூரேயில் அந்த ஆழம் 0.1 மில்லிமீற்றர் மட்டுமே. வில்லையை இறுவட்டுக்கு மிக அருகில் கொண்டுவந்து ஒளியை இன்னும் கூராகக் குவிக்கலாம். ஒரு படையில் 25 கிகாபைட், இரண்டு படையில் 50. ஆனால் தகவல் மேற்பரப்புக்கு இவ்வளவு அருகில் இருந்தால் சிறு கீறலே அதைக் கெடுத்துவிடும். ஆரம்பத்தில் 2003இல் ஜப்பானில் வந்த முதலாவது கருவிக்கான இறுவட்டுகள் ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள்ளேயே வைக்கப்பட்டிருந்தன. பிறகு டிடிகே கம்பனி கீறலைத் தாங்கும் கடினமான மேற்பூச்சைக் கண்டுபிடித்த பின்புதான் கூடு இல்லாமல் விற்க முடிந்தது. தயாரிப்பு இயந்திரங்களும் புதிதாக வேண்டும். செலவு அதிகம்.

ஆக, ஒன்று மலிவு, மற்றது கொள்ளளவு. இரு பக்கமும் நியாயம் இருந்தது. இப்படி இரு பக்கமும் நியாயம் இருக்கும் விடயங்கள்தான் பேச்சுவார்த்தையால் தீர்க்கக் கூடியவை.

2005இல் சோனியும் தோஷிபாவும் உண்மையிலேயே உட்கார்ந்து கதைத்தன. ஒரே முறையாக ஆக்கலாமா என்று ஆராய்ந்தன. 0.1ஆ, 0.6ஆ என்பதில் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஒரு எண்ணுக்குப் பின்னால் கோடிக்கணக்கான டொலர் உரிமக் கட்டணமும், போட்ட முதலும், கம்பனிகளின் கௌரவமும் இருந்தன. அதே வருடத்தில் பேச்சு முறிந்தது.

1995இல் முடிந்தது 2005இல் ஏன் முடியவில்லை? இந்தக் கேள்வியைத்தான் நாம் முக்கியமாகப் பார்க்க வேண்டும். 1995இல் நடுவர்களாக நின்ற கணினிக் கம்பனிகள் இந்தத் தடவை தாங்களே பிரிந்துவிட்டன. ஆப்பிளும் டெல்லும் புளூரே பக்கம். மைக்ரோசொஃப்ட்டும் இன்டெலும் எச்டி டிவிடி பக்கம். "ஒன்றாக வராவிட்டால் வாங்க மாட்டோம்" என்று சொல்ல யாரும் மிஞ்சவில்லை. ஊரில் பிரச்சினை வரும்போது சமாதானம் பேச வேண்டிய பெரியவர்களே ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துவிட்டால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா என்ன?

*சந்தையில் இரண்டு வருடங்கள்*

2006 மார்ச் 31ஆம் திகதி ஜப்பானிலும், ஏப்ரலில் அமெரிக்காவிலும் தோஷிபா முந்திக்கொண்டது. அமெரிக்காவில் அதன் மலிவான கருவி 499 டொலர். ஜூன் மாதம் சம்சுங்கின் முதலாவது புளூரே கருவி வந்தது. விலை 999 டொலர். சரிக்குச் சரி இரண்டு மடங்கு.

ஆரம்பத்தில் புளூரேக்கு நல்ல பெயரும் கிடைக்கவில்லை. முதலில் வந்த படங்கள் பல, 25 கிகாபைட் இறுவட்டில் பழைய சுருக்க முறையில் பதியப்பட்டிருந்தன. "இதற்கா இவ்வளவு விலை" என்று விமர்சகர்கள் கேட்டார்கள். "த ஃபிஃப்த் எலிமென்ட்" படத்தின் முதலாவது புளூரே பதிப்பு மிக மோசம் என்று பேர் வாங்கியது. அடுத்த வருடம் அதைத் திருத்தி மீண்டும் வெளியிட வேண்டி வந்தது. அந்த மாதங்களில் யாராவது பந்தயம் கட்டச் சொல்லியிருந்தால் பலர் தோஷிபாவின் மேல்தான் கட்டியிருப்பார்கள்.

ஆனால் சோனியிடம் இரண்டு துருப்புகள் இருந்தன.

முதலாவது, பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவி. 2006 நவம்பரில் வந்தது. அதற்குள்ளேயே புளூரே ஓடும். நீல லேசர் தட்டுப்பாட்டினால் அது தாமதமானது, ஐரோப்பாவுக்கு 2007 மார்ச் வரை போகவில்லை. 499, 599 டொலர் என்று விலையும் கூடத்தான். அந்த விலைக்கே சோனிக்கு ஒவ்வொரு கருவியிலும் பெரிய நட்டம் என்று பகுப்பாய்வாளர்கள் கணித்தார்கள். ஆனாலும் விளையாட்டுக்காக வாங்கிய ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்தோ தெரியாமலோ ஒரு புளூரே கருவி போய் உட்கார்ந்துகொண்டது. மைக்ரோசொஃப்ட்டோ எக்ஸ்பொக்ஸ் 360க்கு எச்டி டிவிடியை 199 டொலர் விலையில் தனிப் பெட்டியாகத்தான் விற்றது. விரும்பியவர் மட்டும் வாங்குவது வேறு, வாங்கும் பொருளோடு சேர்ந்தே வருவது வேறு.

இரண்டாவது, படங்கள். கொலம்பியாவை வாங்கியதை நினைவில் வைக்கச் சொன்னோம் அல்லவா? அது போக, 2005இல் எம்ஜிஎம் நிறுவனத்தை வாங்கிய கூட்டணியிலும் சோனி இருந்தது. டிஸ்னியும் ஃபொக்ஸும் லயன்ஸ்கேட்டும் புளூரே பக்கம் நின்றன. எச்டி டிவிடியோடு மட்டும் நின்ற பெரிய நிறுவனம் யுனிவேர்சல். வோர்னரும் பரமவுண்ட்டும் இரண்டிலும் வெளியிட்டன.

2007 ஜூனில் அமெரிக்காவின் பெரிய வாடகைக் கடைத் தொடரான புளொக்பஸ்டர், தனது பெரும்பாலான கடைகளில் புளூரேயை மட்டுமே வைப்பதாக அறிவித்தது. ஓகஸ்ட்டில் பரமவுண்ட்டும் ட்ரீம்வேர்க்ஸ் அனிமேஷனும் திடீரென்று எச்டி டிவிடிக்கு மட்டும் என்று மாறின. அதற்காக இரு நிறுவனங்களுக்கும் சேர்த்து 150 மில்லியன் டொலர் அளவில் சலுகைகள் கொடுக்கப்பட்டதாக நியூயோர்க் டைம்ஸ் செய்தி வெளியிட்டது. நவம்பரில் வோல்மார்ட் கடைகளில் தோஷிபா கருவி ஒன்று நூறு டொலருக்கும் குறைவாக விற்கப்பட்டது. 98 டொலர். சனம் முண்டியடித்து வாங்கியது.

போட்டியால் விலை இறங்கியது உண்மைதான், மறுக்க முடியாது. ஆனால் அந்த 98 டொலருக்கு வாங்கிய கருவியின் ஆயுள் மூன்று மாதம்தான் என்று அன்றைக்கு வரிசையில் நின்ற யாருக்கும் தெரியாது.

*46 நாட்கள்*

2008 ஜனவரி 4, வெள்ளிக்கிழமை. லாஸ் வேகாஸில் வருடாந்த இலத்திரனியல் கண்காட்சி தொடங்க இருந்த நேரம். வோர்னர் பிரதர்ஸ் அறிவித்தது: இனிப் புளூரே மட்டும்தான். கண்காட்சியில் நடத்தவிருந்த பத்திரிகையாளர் சந்திப்பை எச்டி டிவிடி அணி அப்படியே இரத்துச் செய்தது.

வோர்னர் அக்காலத்தில் அமெரிக்காவின் வீட்டுப் படச் சந்தையில் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று. அதோடு தராசு ஒரே பக்கம் சாய்ந்தது. பெப்ரவரி 11ஆம் திகதி நெட்ஃபிளிக்ஸும் பெஸ்ட் பையும் புளூரே பக்கம் வந்தன. அப்போது நெட்ஃபிளிக்ஸின் பிரதான தொழில் தபாலில் இறுவட்டு அனுப்புவது. 15ஆம் திகதி வோல்மார்ட்டும் எச்டி டிவிடியைக் கைவிட்டது. 19ஆம் திகதி நிஷிதா அந்த அறிவித்தலைச் செய்தார்.

வோர்னரின் அறிவித்தலிலிருந்து 46 நாட்கள்.

இந்த வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள். முடிவெடுத்தது யார்? ஒரு பட நிறுவனம், ஒரு தபால் வாடகைக் கம்பனி, இரண்டு கடைத் தொடர்கள். பொதுமக்கள் புளூரே இறுவட்டுகளை 2007இல் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் வாங்கியது அவர்களின் முடிவுக்கு ஒரு காரணம்தான். ஆனால் பொதுமக்களில் மிகப் பெரும்பான்மையினர் செய்தது வேறொன்று. எதையும் வாங்காமல் காத்திருந்தார்கள். "இவர்கள் சண்டை முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்று பழைய டிவிடியோடேயே இருந்துவிட்டார்கள்.

*வென்றவருக்கு என்ன கிடைத்தது?*

முதலில் தோற்றவர்கள். தோஷிபா பெரும் நட்டத்தோடு வெளியேறியது. ஆனால் 2009இல் அதே தோஷிபா புளூரே சங்கத்தில் சேர்ந்து புளூரே கருவி விற்கத் தொடங்கியது. மைக்ரோசொஃப்ட்டின் 2013 எக்ஸ்பொக்ஸ் ஒன்னிலும் புளூரேதான் ஓடியது. கம்பனிகளுக்கு இது ஒரு கணக்குப் புத்தகத்தின் நட்டப் பக்கம். பக்கத்தைப் புரட்டிவிட்டார்கள். வீட்டில் எச்டி டிவிடி கருவியும் படங்களும் வாங்கி வைத்தவர் எந்தப் பக்கத்தைப் புரட்டுவார்? பெஸ்ட் பை தன்னிடம் கருவி வாங்கியவர்களுக்கு 50 டொலர் பெறுமதியான பரிசு அட்டை கொடுத்தது. பலருக்குக் கிடைத்த ஆறுதல் அவ்வளவுதான்.

வென்றவருக்கும் பெரிய இராச்சியம் கிடைக்கவில்லை. சண்டை நடந்துகொண்டிருந்த அதே 2007 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் இணையம் வழியாகப் படம் காட்டத் தொடங்கியிருந்தது. இரு அணிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தபோது மூன்றாவது ஆள் பின்கதவால் உள்ளே வந்துவிட்டான். 2019இல் சம்சுங் அமெரிக்கச் சந்தைக்குப் புதிய புளூரே கருவிகள் தயாரிப்பதை நிறுத்தியது. 2023 செப்டெம்பரில் நெட்ஃபிளிக்ஸ் தனது தபால் இறுவட்டுச் சேவையை மூடியது. 2024இல் பெஸ்ட் பை படங்களின் இறுவட்டு விற்பனையையே கைவிட்டது. 2025 பெப்ரவரியில், இந்தப் போட்டியை வென்ற சோனியே, பதியக்கூடிய வெற்றுப் புளூரே இறுவட்டுகளின் தயாரிப்பை நிறுத்தியது. படங்கள் பதிந்த புளூரே இன்னமும் வருகிறது, தரத்தை விரும்புவோர் வாங்குகிறார்கள். ஆனால் டிவிடி போல வீட்டுக்கு வீடு அது ஒருபோதும் போகவில்லை.

நம்மைப் போன்ற நாடுகளுக்கு இதில் இன்னொரு இழப்பும் உண்டு. எச்டி டிவிடியில் வலயக் கட்டுப்பாடு இருக்கவில்லை. எந்த நாட்டில் வாங்கிய இறுவட்டும் எந்த நாட்டுக் கருவியிலும் ஓடும். புளூரேயில் உலகம் ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டது. மத்திய கிழக்கு பி வலயத்தில், தெற்காசியா சி வலயத்தில். சவூதியிலிருந்தோ கட்டாரிலிருந்தோ ஒருவர் தன் உழைப்பில் கருவி வாங்கி வந்தால், இந்தப் பக்கத்து இறுவட்டு அதில் ஓடாமல் போகலாம். இரு அணியும் பேசி ஒரே முறையை உருவாக்கியிருந்தால் இதெல்லாம் மேசையில் பேசப்பட்டிருக்கும். சண்டையில் வென்றவரின் நிபந்தனையே எல்லாருக்கும் சட்டமானது.

*இனி நமது அலுமாரிக்கு வருவோம்*

எண்பதுகள், தொண்ணூறுகளில் நடந்த கலியாணங்கள் வீஎச்எஸ் நாடாவில் இருக்கின்றன. அதற்குப் பிந்தியவை சீடியிலும் டிவிடியிலும். பாடசாலைப் பரிசளிப்பு விழாக்கள், விளையாட்டுப் போட்டிகள், ஊர்ப் பெரியவர்களின் உரைகள், இன்று நம்மோடு இல்லாத வாப்பாமாரின், மூத்தம்மாமாரின் குரல்கள் எல்லாம் அவற்றுக்குள்தான் இருக்கின்றன. 2004 சுனாமியில் கரையோர ஊர்களில் எத்தனை குடும்பங்கள் ஒரு படம்கூட மிஞ்சாமல் இழந்தன என்பது நமக்குத் தெரியும். அது கடல் கொண்டுபோனது. அலுமாரியில் இருப்பதை நாம் பார்த்துக்கொண்டிருக்கவே காலம் கொண்டுபோகிறது.

இந்த வரலாறு சொல்வது என்ன? நாடா கெடுவதற்கு முன்பே அதை ஓட்டும் கருவி இல்லாமல் போய்விடும். வீஎச்எஸ் பீட்டாமக்ஸை வென்றது. ஆனால் 2016 ஜூலையில், உலகில் வீஎச்எஸ் கருவி செய்த கடைசிக் கம்பனியான ஜப்பானின் ஃபுனாய் அதை நிறுத்திவிட்டது. வென்ற முறையும் தோற்ற முறையும் இன்று ஒரே அலுமாரியில்தான் கிடக்கின்றன. "எது நிலைக்கும் என்று பார்த்துவிட்டு மாற்றுவோம்" என்று காத்திருந்தால் நாம் காத்துக்கொண்டேதான் இருப்போம்.

ஆகவே செய்யக்கூடிய சில காரியங்கள்:

1. வீட்டில் என்ன இருக்கிறது என்று முதலில் ஒரு பட்டியல் போடுங்கள். நாடா எத்தனை, சீடி எத்தனை, யாருடைய கலியாணம், எந்த வருடம். படத்தில் இருப்பவர்களின் பெயர்களை அறிந்த மூத்தவர்கள் இருக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத முகங்கள் அடுத்த தலைமுறைக்கு அந்நியர்கள்தான்.

2. நாடாக்களை முதலில் மாற்றுங்கள். சீடி, டிவிடி அடுத்தது. டெக் இன்னும் வேலை செய்யும் வீடுகளும் ஸ்டூடியோக்களும் குறைந்துகொண்டே வருகின்றன. பூஞ்சணம் பிடித்த நாடாவை நேரே டெக்கில் போட்டுவிடாதீர்கள். நாடாவும் கெடும், டெக்கும் கெடும். வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

3. மாற்றியதை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க், வேறு ஊரில் இருக்கும் சகோதரர் வீட்டில் ஒரு பிரதி, முடிந்தால் இணையச் சேமிப்பில் ஒன்று. பென் டிரைவை மட்டும் நம்ப வேண்டாம்.

4. ஒரு கம்பனியின் கருவியில் மட்டும் திறக்கும் கோப்பாக வைக்காமல், எல்லாத் தொலைபேசியிலும் கணினியிலும் ஓடும் எம்பி4 போன்ற பொதுவான வடிவில் வையுங்கள். நான்கைந்து வருடங்களுக்கு ஒரு தடவை திறந்து பார்த்து, புதிய இடத்துக்கு மாற்றுங்கள்.

இதைத் தனித்தனி வீடாகச் செய்வதைவிட ஊராகச் சேர்ந்து செய்தால் செலவு குறையும். பழைய மாணவர் சங்கங்களும் வாசிகசாலைகளும் சேர்ந்து நல்ல டெக் ஒன்றையும் மாற்றும் கருவியையும் வாங்கி வைத்தால் ஒரு கிராமத்துக்கே போதும். உயர்தரப் பிள்ளைகளுக்கு ஒரு விடுமுறையில் பழக்கிக் கொடுக்கலாம், அவர்கள் நம்மைவிட விரைவாகச் செய்வார்கள். யாருடைய சங்கம் இதைச் செய்வது, யாருடைய பெயரில் வைப்பது என்ற கேள்வி நிச்சயம் வரும். அந்தக் கேள்வி வரும்போது 0.1ஆ 0.6ஆ என்று நின்றவர்களை நினைத்துக்கொள்வோம். 1995இல் 0.3ஐ விட்டுக்கொடுத்தவர்களையும் நினைத்துக்கொள்வோம்.

உங்கள் வீட்டில் என்ன வகை நாடாக்கள், இறுவட்டுகள் இருக்கின்றன? டெக் இன்னும் ஓடுகிறதா? நமது ஊரின் பழைய விழாக்கள் பதிந்த நாடா யாரிடமாவது இருக்கிறதா? கீழே எழுதுங்கள். வேலை செய்யும் டெக் இருப்பவர்களையும் நாடா இருப்பவர்களையும் ஒருவரோடு ஒருவர் சேர்த்துவிடும் வேலையை இந்தப் பதிவின் கீழேயே தொடங்கலாம்.